நாலடுக்கு மண்புழுப் பெட்டி: பைப்பைத் திறந்தே விடுங்கள்

குசினிக் கழிவை மண்புழுக்கள் தின்று உரமாக்க, தட்டுக்கு மேல் தட்டாக அடுக்கிய பிளாஸ்ரிக் பெட்டி இது. அடித்தட்டில் தண்ணீரை வடிக்கிற அதன் பைப்புக்கு வாசர் மாற்றிய கையோடு எழுதுகிறேன். "இதை வாங்கலாமா?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை தட்டு, எத்தனை லீற்றர் என்பதை விற்பவர்களே சொல்லிவிடுவார்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் மண்புழுப் பெட்டிக்கு வருகிற பூச்சித் தொல்லையில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்குகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். சரியாக நடக்கிற பெட்டியில் நாற்றமே இல்லை. குசினி வாசலில் வைத்தாலும் வந்து போகிறவர்களுக்குத் தெரியாது. மேல்தட்டுக்குப் புழுக்கள் ஏறிய பிறகு கீழ்த்தட்டில் கிடைக்கும் உரம் கறுப்பாக, பொலபொலவென்று, மழை விழுந்த மண்ணின் வாசத்தோடு இருக்கும். எங்கள் வலிகாமப் பகுதிச் செம்மண் தண்ணீரைக் கெதியாக விட்டுவிடுகிற மண். சேதனப் பொருளும் குறைவு. அதிலே நாலு பங்குக்கு ஒரு பங்கு இந்த உரம் கலந்தால் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடும் இடைவெளியே மாறிவிடும். இந்தப் பலனுக்காக நான் எவ்வளவும் புகழ்வேன்.

இனிக் கோபம். மரக்கறிக் கழிவில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு தண்ணீர். பிளாஸ்ரிக் சுவர் அதைக் குடிப்பதுமில்லை, வெளியே விடுவதுமில்லை. எல்லாம் அடித்தட்டுக்குத்தான் இறங்க வேண்டும். அங்கே பைப் பொருத்தியிருப்பதோ தரையோடு அல்ல, ஒரு விரல் அகலம் மேலே. அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் எப்போதும் நின்றபடியே இருக்கும். துளை வழியே விழும் புழுக்கள் அதில் மூழ்கிச் சாகும். செத்த புழுவும் எச்சமும் சேர்ந்து சேறாகிப் பைப்பை அடைக்கும். காற்றில்லாத சேறு புளிக்கும். அந்தப் புளிப்பு மணத்துக்குத்தான் இலையான் வருகிறது. பைப்பை மூடிவைத்து "திரவ உரம்" சேர்க்கச் சொல்லும் கையேடு இந்த வேலையைச் சிறப்பாக நடத்திக் கொடுக்கிறது என்றால் அது மிகையில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

அந்தக் கறுப்புத் தண்ணீர் வெர்மிவாஷ் எனும் மண்புழுத் திரவ உரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாக முதிர்ந்த புழுப் படுக்கை ஊடாகச் சுத்தமான தண்ணீரை மெல்ல வடித்து எடுப்பதுதான் வெர்மிவாஷ். அடித்தட்டில் நிற்பது பாதி அழுகிய கழிவின் சாறு. ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து வாழைக்கோ பூமரத்துக்கோ அடியில் ஊற்றலாம். பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரைக்கு ஒரு துளியும் விடாதீர்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல். சோளகம் வீசுகிற மாதங்களில் மூடியின் காற்றுத் துளை வழியாக மேல்தட்டு ஒரே பகலில் காய்ந்துவிடும். அடித்தட்டு அப்போதும் சேறாகவே இருக்கும். ஆகவே மேலே எறும்பு கூடு கட்டும், கீழே வெள்ளைப் புழு நெளியும், இரண்டும் ஒரே பெட்டியில். மேலே காய்ந்திருக்கிறதே என்று செம்பால் தண்ணீர் ஊற்றினால், அது படுக்கையாகப் போட்ட காய்ந்த தென்னந் தும்புத்தூளில் நிற்காமல் ஓரத்தால் வழிந்து நேரே கீழே போய்விடும். எறும்பும் போகாது, சேறும் கூடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடித்தட்டின் தரையில் 6 மில்லிமீற்றர் ட்றில்லால் ஏழெட்டுத் துளை போடுங்கள். பெட்டியை நாலு செங்கல்லில் தூக்கி வைத்து, கீழே ஒரு மண்சட்டியை வையுங்கள். துளை போட மனம் வராவிட்டால் பைப்பை நிரந்தரமாகத் திறந்துவிட்டு, பெட்டியின் பின்பக்கத்துக்கு மட்டும் ஒரு சின்னப் பலகைத் துண்டு கொடுத்து முன்னுக்குச் சரியுங்கள். அடித்தட்டுக்குள் தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளை மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு அடுக்கினால் விழும் புழு மேலே ஏறித் தப்பும். பழைய பருத்திச் சேலைக் கிழிசலை முறுக்கி, ஒரு முனை சேற்றில் படவும் மறுமுனை பைப்பின் வாயால் வெளியே தொங்கவும் விட்டால், பைப்பால் வராத தண்ணீரும் அதன் வழியே சொட்டி வெளியேறும். தொங்கும் முனை உள்ளே இருக்கும் முனையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் நடக்காது.

மேலே தண்ணீர் ஊற்றவே வேண்டாம். ஈரச் சணல் சாக்கை இரண்டாக மடித்துக் கழிவின் மேல் விரித்து, சாக்குக்கு மட்டும் தெளியுங்கள். கோடையில் நாளுக்கு 100, 150 மில்லிலீற்றர் போதும், மாரியில் தேவையே இல்லை. ஈரம் சரியா என்று பார்க்க நடுத்தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு துளி வந்தால் சரி. விரலிடுக்கால் ஓடினால் கிழித்த காட்போட் மட்டையும் தும்புத்தூளும் சேர்த்துக் கிளறுங்கள். தும்புத்தூளைப் பாவிக்க முன் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிய வேண்டும். உவர்த் தண்ணீரில் ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து வந்ததென்றால் உப்பு இருக்கும், புழுவின் தோல் அதைத் தாங்காது.

பூச்சியைக் கண்டதும் மருந்து தேடுவதற்கு முன் அது எந்தப் பூச்சி என்று பார்க்க வேண்டும். வெள்ளை நூல் துண்டுகளைக் குஞ்சுப் புழு என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறவர்கள் அதிகம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மண்புழுக் குஞ்சின் உடல் கண்ணாடியாக இருக்கும், உள்ளே சிவப்பு இழை ஒன்று ஓடும். இழை இல்லாமல் முழு வெள்ளை என்றால் அது சட்டிப்புழு. கெடுதல் செய்யாது, ஆனால் பெட்டி புளித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. தொட்டதும் துள்ளும் வெள்ளைப் பூச்சியை விட்டுவிடுங்கள். செம்மண்ணிறச் சிற்றுண்ணி மூடியின் உட்பக்கத்தில் படர்ந்தால், ஈரமாக்கிய பாண் துண்டையோ வத்தகப்பழத் தோலையோ இரவில் வைத்து, காலையில் உண்ணியோடு எடுத்து எறியலாம். நாலைந்து நாள் தொடர்ந்து செய்தால் அடங்கும். மட்டத்தேள் மட்டும் புழுவைத் தின்னும். இடுக்கியால் பிடித்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

புளிப்புக்கு முட்டைக்கோதுதான் மருந்து. காயவைத்து அம்மியில் மாவாக அரைத்து, கிழமைக்கு ஒரு மேசைக்கரண்டி தூவுங்கள். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைப் போடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு புழுவைச் சுட்டுக் கொன்றுவிடும். புழுவின் உடல் மணி கோத்த மாதிரி இடையிடையே இறுகி வீங்கிக் கிடந்தால் பருப்பு, சோறு, தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தீனியை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் கிழித்த பேப்பரும் முட்டைக்கோதும் கலக்க வேண்டும். வீங்கிய புழு பெரும்பாலும் பிழைக்காது.

இங்கே எல்லாரும் தவறவிடுவது பால் பிழிந்த தேங்காய்ப்பூ. எங்கள் குசினியில் நாள்தோறும் மிஞ்சுவது அதுதான். அதில் எண்ணெய் இருக்கிறது, சூடேறும், புளிக்கும், எறும்பை அழைக்கும். அரைக் கிலோ புழு உள்ள பெட்டிக்கு ஒரு பிடிக்கு மேல் வேண்டாம், அதையும் தும்புத்தூளோடு பிசைந்துதான் போட வேண்டும். மிச்சம் கோழிக்கு. மீன் செதில், இறால் கோது, நண்டுக் கோது எல்லாம் தென்னையடிக் கிடங்குக்குப் போகட்டும். பெட்டிக்குள் போட்டால் அகிளான் (பெருச்சாளி) பிளாஸ்ரிக்கையே கடித்துத் திறக்கும். தேசிக்காய்த் தோலும் உப்புப் பட்ட மிச்சக் கறியும் வேண்டவே வேண்டாம்.

மாம்பழக் காலம் தனிப் பிரச்சினை. கறுத்தக்கொழும்பான் தோலை அப்படியே மேலே போட்டால் இரண்டொரு நாளில் மூடியைத் திறக்க முடியாத அளவுக்குப் பழக்கொசு கிளம்பும். தோலோடு முட்டையும் வருகிறது என்பதால், மூடி இறுக்கமாக இருந்தும் பயனில்லை. தோலை ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுத்து, 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, அதே அளவு காட்போட் மட்டைக் கிழிசலால் மூடுங்கள். பக்கத்தில் ஒரு போத்தல் மூடியில் வினாகிரியும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் வைத்தால் பறப்பவை விழும்.

பெரிய தலையிடி படைவீர இலையான். கறுத்த, குளவியை நினைவுபடுத்தும் இந்த இலையான் உள்ளே வரவே தேவையில்லை. மூடி விளிம்பின் இடுக்கில் முட்டையிடும். பொரித்த குஞ்சு தானாக ஊர்ந்து உள்ளே போகும். அதனால் காற்றுத் துளைக்கு நுளம்பு வலை ஒட்டினால் மட்டும் போதாது, விளிம்பு முழுவதும் துணிப்பட்டி வைத்து இறுக்க வேண்டும். இந்த இலையானின் புழு தட்டையாக, சாம்பல் நிறத்தில், கண்டம் கண்டமாக இருக்கும். மண்புழுவைக் கடிக்காது. ஆனால் தீனியை எல்லாம் தின்று தட்டைச் சூடாக்கிவிடும். வந்துவிட்டால் இரண்டு கிழமை தீனியை நிறுத்துங்கள். ஓட்டை போட்ட சிரட்டைக்குள் பழுத்த பப்பாசித் துண்டு வைத்தால் அங்கே திரளும். அள்ளிக் கோழிக்குப் போடலாம், கோழிக்கு அதைவிட நல்ல புரதம் இல்லை.

எறும்பைத் தடுக்கப் பெட்டியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கோப்பை வைப்பது பழைய முறை, பலன் தரும். ஆனால் மாரி தொடங்கியதும் அந்தக் கோப்பையே டெங்கு நுளம்புக்குத் தொட்டில். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு வர ஏழு முதல் பத்து நாள்தான் என்பதால், ஐந்து நாளுக்கு ஒருக்கால் தண்ணீரை வெளியே ஊற்றி, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அல்லது தண்ணீருக்குப் பதில் பொரித்து மிஞ்சிய தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள். கீழே வைத்த மண்சட்டிக்கும் இதே கவனம் வேண்டும். பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டிவிட்டால் மருந்துத்தூள் போடாதீர்கள். நடுத்தட்டையும் மேல்தட்டையும் இடம் மாற்றி, ஈரச் சாக்கால் மூடினால் முட்டையைத் தூக்கிக்கொண்டு தானாகப் போகும்.

ஐப்பசி மழைக்கு முன் சில பெட்டிகளில் இரவோடிரவாகப் புழுக்கள் சுவரேறி வெளியே விழும். பெரியோனிக்ஸ் எனும் மண்புழு இனத்துக்கு அது பழக்கம். யூட்ரிலஸ் எனும் ஆப்பிரிக்கப் புழு எங்கள் வெக்கைக்கு நன்றாக ஒத்துவரும், 25 முதல் 30 பாகை செல்சியஸ் அதற்கு விருப்பம். எந்த இனமானாலும் 35 தாண்டினால் ஆபத்து. ஆகவே கறுப்புப் பெட்டியை வெயிலில் வைக்கவே கூடாது.

வாங்கலாமா? புதிதாக, கடை விலைக்கு வேண்டாம். கழுவிய இரண்டு 20 லீற்றர் பெயின்ற் வாளியை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, மேல்வாளியின் அடியிலும் பக்கத்திலும் துளை போட்டால் இதே உரம் வரும், பைப் சண்டை இல்லை. ஆனால் என்னுடையதை யாராவது கேட்டால் கொடுக்க மாட்டேன். தட்டைத் தூக்கி உரம் எடுக்கும் அந்தச் சுலபம் வாளியில் கிடைக்காது. பாவித்த பெட்டி மலிவாகக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். மேலே நல்ல உரத்தைக் காட்டுவார்கள். நீங்கள் அடித்தட்டைக் கழற்றி, பைப்பின் வாசர் ஊறி வீங்கியிருக்கிறதா, ஆணி இறுகும் இடத்தில் பிளாஸ்ரிக் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வாசர் மாற்றலாம். வெடிப்பு இருந்தால் வேண்டாம்.