சிறுவிடையா, வனராஜாவா? புழக்கடையில் பத்துக் கோழிக்கு எது தோது

புழக்கடையில் பத்துக் கோழி விடலாம் என்று முடிவு செய்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது இதைத்தான்: ஊர்க்கோழியான சிறுவிடை வாங்கலாமா, முட்டை கூடப் போடும் வனராஜா வாங்கலாமா? எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. இப்போது சிறுவிடை மட்டும்தான். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்க ஒன்றுமில்லை. வேலூரைச் சுற்றி கணியம்பாடி, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் வீட்டை ஒட்டிக் கொஞ்சம் தோட்டமும் நாலு மரமும் உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர் மாதிரி நெருக்கமான இடங்களுக்குப் பதில் வேறு.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடலாம். வனராஜா ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலப்பினம். பார்க்க நாட்டுக்கோழி நிறம்தான், உடம்பு மட்டும் பெரிது. ஆறு மாதத்தில் சேவல் 2 கிலோவைத் தாண்டிவிடும். பொட்டை வருஷத்துக்கு 100 முட்டைக்கு மேல் போடும், பழுப்பு ஓடு. சிறுவிடைப் பொட்டை ஒன்றரை கிலோ வந்தாலே பெரிய விஷயம். வருஷத்துக்கு 60 முட்டை போட்டால் நல்ல கோழி என்பார்கள். முட்டைக் கணக்கு மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. தீனியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே தவிடு, நொய், கேழ்வரகு, கடலைக் காட்டில் சிந்தினது, எருக்குழிப் புழு என்று கிடைத்ததைத் தின்னும். வனராஜா கொஞ்சம் கூடக் கேட்கும், கொஞ்சம் குறைவாக மேயும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் சாகும். அதற்குத் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனம் 1932 முதல் நமக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. ஊசி போடாமல் விடுவதற்கு நம் ஊர்க்காரர்களுக்குச் சாக்கே கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது முட்டை இல்லை, அடை.

சிறுவிடை பன்னிரண்டு, பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டை எடுக்கக் கையை நீட்டினால் அடித்தொண்டையில் ஒரு உறுமல் வரும். இறகெல்லாம் சிலிர்த்துக் கோழி இரண்டு மடங்காகத் தெரியும். அப்படியும் கை போனால் மணிக்கட்டில் கொத்து. கூடையை விட்டு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும். இறங்கினதும் தூரமாகப் போய், நாற்றம் குடலைப் பிடுங்கும் அளவுக்கு ஒரு பெரிய எச்சம் போடும். அப்புறம் நாலு வாய் நொய், தண்ணீர், சாம்பல் மண்ணில் ஒரு புரளல், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் திரும்பப் போய் உட்கார்ந்துவிடும். மார்பு இறகைத் தானே பிடுங்கிக்கொண்டு வெறும் தோலை முட்டையில் வைத்து அழுத்தும். 21 நாள் இதே கதை.

வனராஜாவுக்கு இந்தப் புத்தியே அநேகமாகக் கிடையாது. முட்டைக்காகத் தேர்ந்து தேர்ந்து வளர்க்கும்போது முதலில் கழித்துக் கட்டுவது அடை குணத்தைத்தான். உட்காரும் கோழி போடுவதை நிறுத்திவிடும், பண்ணைக்காரனுக்கு அது நஷ்டம். நியாயம்தான். ஆனால் புழக்கடையில் அந்த நஷ்டத்தை வேறு வழியில் நாம்தான் கட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் குஞ்சை வெளியில் வாங்க வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் பல்பு கட்டி நாலைந்து வாரம் சூடு கொடுக்க வேண்டும். ராத்திரி கரண்ட் போனால் எழுந்து ஓட வேண்டும். வனராஜா முட்டையையே இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கலாமே என்றால், அது இரண்டு வழிகளைச் சேர்த்து எடுத்த கலப்பு. அதன் குஞ்சு தாய் மாதிரி வராது. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, முட்டையும் குறைந்து நிற்கும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்பக் குஞ்சு வாங்கப் போய் நிற்க வேண்டியதுதான். சிறுவிடை வாங்கினவருக்கு அந்த அலைச்சல் இல்லை, வேண்டியதெல்லாம் வெளியிலிருந்து எப்போதாவது ஒரு சேவல். அண்ணன் தங்கச்சிக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தால் குஞ்சு நோஞ்சானாகும். பொய்கைச் சந்தையிலோ பக்கத்து ஊரிலோ ஒரு சேவலை மாற்றிக்கொண்டால் போதும்.

இது பாதிக் கணக்கு. மீதிப் பாதியை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குஞ்சு எப்படி வளர்ந்தது என்பதை வைத்துத்தான் கூட்டத்தில் சண்டை வருமா வராதா என்பதே இருக்கிறது.

கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டரப்-எப்பே 1921-லேயே இதை ஆராய்ச்சியாக எழுதிவிட்டார், சின்ன வயசிலிருந்து கோழிகளைப் பார்த்துப் பார்த்து. நம் வீட்டில் பார்க்க அவ்வளவு பாடு வேண்டாம். சாயங்காலம் அடைகிற நேரத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும். உச்சிக் கொம்பில் யார் உட்காருகிறாள், யாரைப் பார்த்ததும் யார் நகருகிறாள் என்று தெரிந்துவிடும். காலையில் முட்டையிடப் போகும்போதும் அதே வரிசைதான். நாலு கூடை வைத்திருந்தாலும் எல்லாருக்கும் ஒரே கூடைதான் வேண்டும், ஏற்கெனவே ஒரு முட்டை கிடக்கும் கூடை. பெரியவள் உள்ளே இருக்கும்போது சின்னவள் வெளியே நின்று முனகுவாள், கொஞ்ச தூரம் போவாள், திரும்ப வருவாள். பொறுக்க முடியாவிட்டால் அவள் மேலேயே ஏறி உட்கார்ந்து போட்டுவிடுவாள். முட்டை உடைவது பெரும்பாலும் இப்படித்தான். மற்ற கூடைகளிலும் ஒவ்வொரு கூழாங்கல்லையோ சுண்ணாம்பு பூசின பொய் முட்டையையோ போட்டு வையுங்கள், கூட்டம் பிரியும்.

இந்த வரிசைக்குள் புதுக் கோழி நுழைவதுதான் பெரும்பாடு. பல்பு வெளிச்சத்தில் தனியாக வளர்ந்த வனராஜாக் குஞ்சுகளை இரண்டு, மூன்று மாதத்தில் பெரிய கோழிகளோடு விட்டால், அவை அங்கே அந்நியம். கொண்டையில் ரத்தம் வரக் கொத்தும். தீனி பக்கம் அண்ட விடாது. பயந்த குஞ்சு மூலையில் நின்று மெலியும். வலை கட்டி ஒரு வாரம் பார்வையில் மட்டும் வைத்து, பிறகு இருட்டினதும் உள்ளே விட்டு, தீனித்தட்டை மூன்று இடத்தில் பிரித்து வைத்து என்று படிப்படியாகச் சேர்க்கலாம். சேரும். ஆனால் குஞ்சு வாங்கும் ஒவ்வொரு தடவையும் இந்தச் சடங்கு முழுக்க உண்டு.

தாயோடு வளரும் குஞ்சுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. கூட்டத்தில் கடைசி இடத்தில் இருந்த பொட்டைகூடக் குஞ்சு பொரித்து இறங்கினால் வேறு ஆள். குஞ்சு பக்கம் வந்த பெரியவளையே துரத்தித் துரத்தி அடிப்பாள். மற்றவை ஒதுங்கிப் போகும். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து அவளே குஞ்சைக் கொத்தி விரட்டுவாள். அதற்குள் ஒவ்வொரு குஞ்சுக்கும் யாரிடம் ஒதுங்க வேண்டும், எந்தத் தட்டில் எப்போது தின்னலாம் என்பது பழகியிருக்கும். கழுகு நிழல் விழுந்தால் எங்கே ஓடுவது என்பதும் அவள் கற்றுக்கொடுத்ததுதான். எங்கள் வீட்டில் வனராஜாவைக் கீரியும் பூனையும் கொண்டுபோனது அதிகம். கனத்த உடம்பு, மரம் ஏறாது, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. சிறுவிடை முருங்கை உச்சிக்கே போய்விடும், அதற்காக முருங்கைக்கீரை பறிக்க வந்த அத்தை திட்டினது தனி.

உடம்பு பெரிதாக இருப்பவள்தான் வரிசையில் மேலே இருப்பாள் என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து வளர்த்தபோது வனராஜாக்களைச் சின்னச் சிறுவிடைகள்தான் ஆட்டி வைத்தன. வனராஜா சாது. இதை அதற்கான குறையாகச் சொல்லவில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில், கையில் தூக்கிக் கொஞ்ச ஒரு கோழி வேண்டும் என்றால் அதுதான் சரி.

சிறுவிடையிடம் தொல்லையே இல்லையா? இருக்கிறது. முதல் தொல்லை, முட்டையை ஒளிப்பது. வைக்கோல் போர் இடுக்கு, சீமைக்கருவேல முள் அடி, பரணில் கிடக்கும் பழைய சாக்கு என்று இடம் பிடித்துவிடும். ஒரு நாள் கோழி காணோம் என்று தேடி, மூன்று வாரம் கழித்துக் குஞ்சோடு வந்து நிற்கும் கதை எல்லா வீட்டிலும் உண்டு. அதற்குள் நல்ல பாம்பு போய் முட்டையைக் காலி செய்திருந்தால் அதுவும் இல்லை. காலையில் ஒன்பது, பத்து மணி வரை அடைத்து வைத்துப் பிறகு திறந்துவிட்டால் பெரும்பாலானது கூடையிலேயே போட்டுவிடும். கூடை இருட்டான மூலையில், இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். அடியில் ஆற்று மணல் போடுவார்கள். பாலாற்று மணல் இப்போது நமக்குக் கிடைக்கிற பொருளா என்ன? எம்-சாண்ட் போடாதீர்கள், முனை குத்தும். உமியும் வைக்கோலும் போதும். கோழிப்பேனுக்கு நொச்சி, வேப்பிலை.

இரண்டாவது, வெயில். வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி தாண்டினால் வீட்டுக்குள் கிடக்கும் முட்டையே பாதிச் சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் உள்ளே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும், பிறகு அடை வைத்தால் கூமுட்டைதான் மிச்சம். ஈர மணல் வைத்த மண்சட்டியில் முட்டையைச் சேர்த்து, மூன்று, நாலு நாளுக்கு மேல் பழசானதை அடைக்கு வைக்காமல் இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். கத்திரி வெயிலில் நான் அடையே வைப்பதில்லை. தை, மாசியில் வைத்தால் குஞ்சு நன்றாக வருகிறது. மழைக்காலத்து அடையில் எனக்குப் பெரிய அனுபவம் இல்லை.

வேண்டாத நேரத்தில் அடைக்கு உட்கார்ந்தால் எழுப்புவதும் ஒரு வேலை. தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு செருகுவது எல்லாம் ஊரில் செய்வார்கள், எனக்கு மனசு வருவதில்லை. அடியில் காற்றுப் போகும்படி கம்பித்தரை உள்ள கூண்டில் மூன்று, நாலு நாள் தீனி தண்ணீரோடு விட்டால் வயிற்றுச் சூடு தணிந்து எழுந்துவிடும்.

விற்பதில் சிறுவிடைக்குத்தான் கை ஓங்குகிறது. சிறுவிடை முட்டையை, கடையில் விற்கும் பண்ணை முட்டையைப் போல இரண்டு மடங்குக்கு வீட்டிலேயே வந்து வாங்கிக்கொள்கிறார்கள். சேவலுக்கு ஆடி மாதக் கூழ் வார்த்தல், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நேரத்தில் நாம் சொன்னதுதான் விலை. வனராஜாவைத் தூக்கிப் பார்த்ததுமே "இது பண்ணைக் கோழி மா, நாட்டுக்கோழி வெல எல்லாம் கட்டாது" என்கிறார்கள். எடை அதிகம் இருப்பதால் மொத்தத்தில் பெரிய நஷ்டமில்லை, பேரம்தான் நீளும்.

நாட்டுக்கோழியிலேயே பெரிய உடம்புள்ள பெருவிடையும் நன்றாக அடை காக்கும், ஆனால் முட்டை இன்னும் கம்மி, இரண்டு சேவல் வளர்ந்தால் வீடு ரணகளம். கருங்கோழி கடக்நாத் 2018-ல் புவிசார் குறியீடு வாங்கினதிலிருந்து கிராக்கி. அடைக்கு உட்காருவதில் அதை நம்ப முடியாது. முட்டைக்கென்றே உள்ள கிராமப்பிரியாவை நான் வளர்த்ததில்லை, தெரிந்தவர் வீட்டில் பார்த்ததோடு சரி. அங்கே கூடை தினமும் நிறைந்தது.

டவுனுக்குள் இருந்தால், பக்கத்து வீட்டு ஆட்கள் விடியற்காலை நாலு மணிக்குச் சேவல் கூவுவதைப் பொறுக்க மாட்டார்கள். அங்கே சேவலே இல்லாமல் மூன்று, நாலு வனராஜாப் பொட்டை போதும். முட்டை போட சேவல் தேவையில்லை, அடைத் தொல்லையும் இல்லை. சேவல் இல்லாத கூட்டத்தில் பொட்டைகளுக்குள் கொத்துவது கொஞ்சம் கூடத்தான் இருக்கும், விலக்கிவிட ஆளில்லை. சாதுவான இனமாக இருப்பது அங்கே லாபம்.

இடமும் இருந்து முட்டையும் வேண்டும் என்பவர்கள் இரண்டையும் சேர்க்கலாம். சிறுவிடைப் பொட்டை ஒன்று அடையில் உட்கார்ந்து மூன்று வாரம் ஆகும் சமயத்தில் ஒரு நாள் வயசான வனராஜாக் குஞ்சு வாங்கி வாருங்கள். நன்றாக இருட்டினதும், டார்ச் அடிக்காமல், ஒரு முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குஞ்சு என்று அடியில் தள்ளுங்கள். எட்டு, பத்துக் குஞ்சு வரை அவள் மூடிக்கொள்வாள். விடிந்ததும் பக்கத்தில் இருந்து பாருங்கள். கொக்கரித்துக் கூப்பிட்டு நொய்யைக் காட்டினால் சரி. தலையில் கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள். வாங்கும்போதே குஞ்சுக்கு மூன்று, நாலு நாள் ஆகியிருந்தால் இதை முயற்சி செய்யாதீர்கள். அந்த வயசுக் குஞ்சு அவளைத் தாயாக நினைக்காது, கூப்பிட்டாலும் வராது.