கரையில் ஏலம், கையில் பாஸ்புக்: குமரி மீனவர் சங்கங்களின் சேவை எப்படி?

குமரிக் கடற்கரையில் மீனவர் சங்கம் என்றால் கொடி பிடிக்கிற சங்கம் மட்டுமல்ல. கரையிலேயே மீனை ஏலம் விட்டுக் காசு கொடுத்து, வலைக்கும் எஞ்சினுக்கும் கடன் ஏற்பாடு செய்கிற சங்கமும் உண்டு. கோட்டாறு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் 1970களில் ஊர் ஊராக ஆள் கூட்டி இவற்றைத் தொடங்கி வைத்தது. இங்குள்ள சங்கங்களுக்கும் கேரளச் சங்கங்களுக்கும் பொதுவாக, சிஃப்ஸ் (SIFFS) எனப்படும் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு 1980இல் திருவனந்தபுரத்தில் வந்தது.

இந்தச் சேவைக்கு உயிர் ஏலம்தான். முன்பு வள்ளத்துக்குப் பணம் கொடுத்த தரகரே மீனுக்கும் விலை வைப்பார். வட்டி கேட்கமாட்டார், பிடித்ததை அவருக்கே போட வேண்டும், வட்டியெல்லாம் விலையில் கழிந்துவிடும். கடனை அடைக்கவும் விடமாட்டார். அடைந்துவிட்டால் மீன் வேறு கைக்குப் போய்விடுமே! சங்கத்தில் விற்பனையாளர் எல்லார் முன்னும் கூவி விற்கிறார், வள்ளக்காரர் பெயருக்கு அங்கேயே சீட்டு எழுதுகிறார். வாங்கிய வியாபாரி பிறகு காசு தந்தாலும் மீனவருக்குக் கொடுக்கும் பொறுப்பு சங்கத்துடையது.

பிடித்தம் சங்கத்துக்குச் சங்கம் மாறும். கணக்குக்கு ஒன்று: 10,000 ரூபாய் ஏலத்தில் 3% கமிஷன், 2% சேமிப்பு, 5% கடன் தவணை என்றால் கைக்கு வருவது 9,000. தவணை தேதிக்கு அல்ல, கிடைக்கிற மீனுக்கு. ஆனியிலும் ஆடியிலும் கடல் அடித்து வள்ளம் இறங்காத நாளில் தவணையும் கிடையாது. இந்த வசதியை வங்கியில் எதிர்பார்க்க முடியாது.

குறையும் அங்கேயேதான். கடன் வாங்கியவர் பிடித்தத்துக்குப் பயந்து பக்கத்துத் துறையில் மீனை இறக்கினால் சங்கத்துக்குக் கமிஷனும் போச்சு, தவணையும் போச்சு. வியாபாரிகள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஏலம் கேட்டால் விலை ஏறாது; வெளியூர் வண்டி ஒன்றாவது வருகிற துறையில்தான் ஏலத்துக்குச் சூடு. தலையில் கூடை சுமந்து விற்கும் பெண்களுக்கு இந்த ஏலத்தால் பெரிய லாபமில்லை. மொத்தக் குவியலை வாங்க அவர்களிடம் முதல் ஏது? மகளிர் குழுக் கடன் அந்த ஓட்டையைக் கொஞ்சம்தான் அடைக்கிறது.

இதில் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு என்ன? நம்பிக்கையும் கூட்டம் போட இடமும் அது கொடுத்தது. தரகரை எதிர்க்க ஆரம்பத்தில் பங்குத்தந்தையின் துணை வேண்டியிருந்தது. ஆனால் பிடித்த மீனில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் குத்தகை என்று எடுக்கும் பழக்கம் இந்தக் கரையில் பழையது. அந்தக் கணக்கையும் சங்கக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதினால் சண்டை நிச்சயம். ஊர்க் கமிட்டித் தகராறு ஏலத்திடலுக்கு வந்தால் பாதி வள்ளம் தரகரிடம் திரும்பிவிடும். தொடங்கி வைத்துவிட்டு அங்கி போட்ட பங்குத்தந்தை ஒதுங்குவதே நல்லது.

சேர நினைப்பவர் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். வியாபாரி பாக்கி நோட்டைக் கேளுங்கள். ஒரு வார விற்பனைக்கு மேல் பாக்கி நின்றால், அல்லது நோட்டைக் காட்டத் தயங்கினால், சங்கத்தில் உறுப்பினராகப் பங்குப் பணம் கட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.