யுஎஸ்பி பெட்டியா, நேரடி சாட்டாவா?

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். இங்கே வீடியோவைக் கொடுத்ததோடு வேலை முடியாது. பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா என்று இருப்பார்கள். பல வருடம் கழித்து அப்பச்சியின் அறுபதாம் சாந்திக்கு வரும்போது பழைய கல்யாணப் படத்தைக் கேட்பார்கள். அதனால் ஹார்ட் டிஸ்க்குகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றை எதில் மாட்டி வைப்பது, யுஎஸ்பி வயரில் இணைக்கும் வெளிப்பெட்டியிலா, இல்லை சாட்டாவிலா (மதர்போர்டில் டிஸ்க்கை நேராக இணைக்கும் போர்ட்) என்று போன வருடம் முடிவெடுக்க வேண்டி வந்தது.

வேகத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சுழலும் டிஸ்க் நொடிக்கு 200, 250 எம்பி கொடுத்தாலே பெரிது. யுஎஸ்பி 3, சாட்டா இரண்டுமே அதைத் தாங்கும். நான் பார்த்தது ஒன்றைத்தான்: டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கிற கன்ட்ரோலர் சிப் செத்துப்போனால், டிஸ்க்கை வேறு இடத்தில் மாட்டிப் படிக்க முடியுமா?

இந்தக் கேள்வி வந்ததே கானாடுகாத்தான் ஆச்சி ஒருவரால். "தம்பி, நம்ம வீட்டுக் கேசட்டைப் பத்திரமா வச்சிருக்கீகள்ல?" என்று போனில் கேட்டார். அந்தப் படம் 3 டிபி யுஎஸ்பி பெட்டியில் இருந்தது. எடுத்து மாட்டினால் உயிரே இல்லை. பெட்டியின் சாக்கெட் ஆடிப்போயிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி மதர்போர்டின் சாட்டாவில் செருகினேன். டிஸ்க் ஓடியது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாதது போல விண்டோஸ் ஃபார்மேட் செய்யச் சொன்னது. நல்லவேளை, நான் செய்யவில்லை.

டிஸ்க்கில் பழுதில்லை. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைப் பழைய கணினிகளும் ஏற்க வேண்டும் என்பதற்காக, சில பெட்டிகளில் உள்ள சிப் 512 பைட் செக்டர்களை (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சிறு கட்டங்கள்) எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட்டாகக் காட்டும். பார்ட்டிஷன், அதாவது ஃபைல்கள் இருக்கும் பகுதி, 256-ஆம் செக்டரில் தொடங்குகிறது என்று டிஸ்க்கின் அட்டவணையில் எழுதியிருந்தால், பெட்டியின் கணக்கில் அது 1 எம்பி தள்ளி இருக்கும். நேரடி சாட்டாவில் அதே 256 என்பது 128 கேபிதான். கணினி தப்பான இடத்தில் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்கிறது. அதே மாடல் பெட்டி ஒன்றைத் தேடி வாங்கி மாட்டிய பிறகுதான் படம் திறந்தது. எல்லாப் பெட்டியும் இப்படி அல்ல. ஆனால் டேட்டாவைத் தானே என்கிரிப்ட் செய்கிற (ரகசியக் குறியீடாக மாற்றி எழுதுகிற) பெட்டிகளும் உண்டு. அதில் சிப் போனால் பாடு இன்னும் கஷ்டம்.

அதனால் நேரடி சாட்டாவுக்கே போனேன். மதர்போர்டின் செட்டிங்கில் (பயாஸ்) சாட்டாவுக்கு ஏஎச்சிஐ என்ற சாதாரண முறை, பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கிடையாது, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு டிஸ்க்கில் இரண்டு பிரதி. சோதனைக்காக ஒன்றைக் கழற்றி, தேவகோட்டையில் நண்பரின் ஸ்டூடியோ கணினியில் மாட்டினேன். கேள்வி கேட்காமல் திறந்தது. எனக்கு வேண்டியது அதுதான். வெளி டிஸ்க்கைப் பிரித்து உள்ளே மாட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கதி: சில டிஸ்க்குகளில் மூன்றாவது பவர் பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் சுழலாது. அந்தப் பின்மேல் மெல்லிய டேப் ஒட்டினால் சரியாகிவிடும்.

அப்புறம் எஸ்ஏஎஸ் கார்டு, அதாவது சர்வர்களில் டிஸ்க்குகளை மாட்டும் கார்டு. நண்பர் கொடுத்த பழைய சர்வர் கார்டை ஆறு மாதம்தான் ஓட்டியிருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். எஸ்ஏஎஸ் கார்டில் சாட்டா டிஸ்க் ஓடும். சாட்டா போர்ட்டில் எஸ்ஏஎஸ் டிஸ்க் ஓடாது, செருகவே முடியாது. சாட்டா டிஸ்க்கில் டேட்டா, பவர் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எஸ்ஏஎஸ்ஸில் அடைபட்டிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வர் டிஸ்க் வாங்குமுன் அதைப் பாருங்கள். கார்டிலேயே ரெய்டு போட்டால் மறுபடி அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால் நான் போடவில்லை.

யுஎஸ்பியை நான் விட்டுவிடாத ஒரே இடம், சாட்டாவுக்கு முந்தைய பழைய ஐடிஇ டிஸ்க்குகள். இப்போதைய மதர்போர்டில் அந்த 40 பின் வாயே கிடையாது. என்னிடம் இருக்கிற 80 ஜிபி ஒன்று யுஎஸ்பி அடாப்டரில் தெரியவே இல்லை. டிஸ்க் முதலாவதா (மாஸ்டர்) இரண்டாவதா (ஸ்லேவ்) என்று சொல்லும் சிறு செருகியான ஜம்பர், ஸ்லேவில் இருந்தது. மாஸ்டருக்கு மாற்றியதும் வந்தது. அன்றிரவே எல்லாவற்றையும் சாட்டாவுக்கு ஏற்றிவிட்டேன்.