ட்ரை நீட்லிங் என்றும் அக்குபஞ்சர் என்றும் மாற்றி மாற்றிச் சொல்பவரிடம் தோளைக் கொடுக்காதீர்கள்

சென்ற ஆண்டு மேல்நிலைப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்த வாரத்தில், என் வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. குனிந்து எழுதியே பழகிய உடம்பு என்பதால் முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. தலையைத் திருப்ப முடியாமல் போன பிறகுதான், எங்கள் தெருமுனைக்கு அடுத்த சாலையில் உள்ள ஒரு சிகிச்சை மையத்துக்குச் சென்றேன். அதன் வாசலில் தொங்கிய பிளெக்ஸ் பேனரில் பிசியோதெரபி, அக்குபஞ்சர், ட்ரை நீட்லிங், கப்பிங் என்று நான்கும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. அந்த நான்கையும் செய்பவர் ஒரே ஆள் என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் அவர் செய்த சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழுத்திலிருந்து தோள்வரை விரிந்திருக்கும் டிரபீசியஸ் தசையை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அழுத்தினார். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு அவர் விரலுக்குக் கீழே உருண்டதை நானும் உணர்ந்தேன், அதை அழுத்தியபோது வலி காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டு வரை சென்றது. “இதுதான் டிரிகர் பாயின்ட், டீச்சர். பத்து சிட்டிங்கில் கரைஞ்சிடும்” என்றார். பத்து சிட்டிங்குக்கு 9,500 ரூபாய். மொத்தமாக முன்பணம் கட்டினால் 8,000. நான் மொத்தமாகக் கட்டினேன்.

இந்த இடத்தில் ட்ரை நீட்லிங், அக்குபஞ்சர் என்ற இரண்டு ஊசி முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னை ஏமாற்றப் பயன்பட்டது அந்த வேறுபாட்டைப் பற்றிய குழப்பம்தான். ஊசி இரண்டுக்கும் ஒன்றே: மருந்து ஏற்றும் ஊசியைப் போலத் துளை இல்லாத, கால் மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய எஃகுக் கம்பி. மருந்து எதுவும் உள்ளே செல்லாததால்தான் ‘ட்ரை’ என்ற பெயர். அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல், அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்தவர், தசை முடிச்சுகளில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தி வலியைக் குறைத்து வந்தார். செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில், வலியைக் குறைப்பதில் மருந்தைவிட ஊசி குத்துவதற்கே அதிகப் பங்கு இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். ட்ரை நீட்லிங் அந்த வழியில் வளர்ந்தது. அதில் ஊசி முடிச்சுக்குள்ளேயே இறங்க வேண்டும். சரியான இடத்தில் பட்டால் தசை மீன் துள்ளுவதுபோல் ஒருமுறை வெட்டி இழுக்கும், பெரும்பாலும் உடனே ஊசியை எடுத்துவிடுவார்கள்.

அக்குபஞ்சரின் கணக்கு வேறு. அது உடம்பில் உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள் என்று சீன மருத்துவம் கருதும் சக்திநாளங்களையும், அவற்றின்மேல் வகுக்கப்பட்ட 361 புள்ளிகளையும் கொண்டு நடப்பது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் முழங்கால் வலிக்காக அரசு மருத்துவமனையின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவில் அதைச் செய்துகொண்டிருக்கிறேன். அங்கிருந்த மருத்துவர் என் கண்ணெதிரே உறையைக் கிழித்து, முழங்காலைச் சுற்றிலும், வலிக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலும் மேலோட்டமாக ஊசிகளை வைத்து, இருபது நிமிடம் படுக்க வைத்தார். கை மரத்துப்போவதற்குச் சற்று முன் வருமே, அந்தக் கனம் மட்டும் தெரிந்தது. இரண்டும் முற்றிலும் தொடர்பற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. தொட்டதும் நோயாளி “அங்கேதான், அங்கேதான்” என்று கத்தும் இடத்தில் குத்துவதைச் சீன மருத்துவர்கள் ஏழாம் நூற்றாண்டிலேயே ‘ஆ-ஷி’ புள்ளி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டிரிகர் பாயின்ட்களில் 71 விழுக்காடு அக்குபஞ்சர் புள்ளிகளோடு ஒத்துப்போகின்றன என்று 1977-இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கே தவறு என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு. இது அறிஞர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. எனக்கு நேர்ந்தது அதைவிடச் சிறிய, அதைவிட மோசமான ஒன்று.

இரண்டாவது சிட்டிங்கில், “நீங்கள் பிசியோதெரபி படித்தவர்தானே?” என்று கேட்டேன். தாம் செய்வது அக்குபஞ்சர் என்றும், அதற்குப் பிசியோதெரபிப் பட்டம் தேவையில்லை என்றும் பதில் வந்தது. அப்படியானால் அக்குபஞ்சர் எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, இது அக்குபஞ்சர் இல்லை, ட்ரை நீட்லிங், நவீன மருத்துவம், அதனால் அந்தச் சான்றிதழ் அவசியமில்லை என்றார். இரண்டு பதில்களுக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. நம் நாட்டில் பிசியோதெரபி நான்கரை ஆண்டுப் பட்டப்படிப்பாக நடந்து வந்திருக்கிறது, 2021-ஆம் ஆண்டின் சட்டம் அதை ஒரு தேசிய ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஒன்றிய அரசு 2019-இல் ஏற்றுக்கொண்டது. ஆக, எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்குரிய படிப்பு ஒன்று இருக்கிறது. அவர் இரண்டு பெயர்களுக்கும் நடுவில் உள்ள சந்தில் நின்றுகொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் சாக்குகளைக் கேட்டுவரும் எனக்கு அது புரியாமல் இல்லை. கட்டிய 8,000 ரூபாய் வாயை அடைத்துவிட்டது.

அன்றே இன்னொன்றையும் கண்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய காகித உறையை எடுத்தார். அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் என் பெயரும் ‘சிட்டிங் 2’ என்றும் எழுதப்பட்டிருந்தன. முதல் நாள் என் உடம்பில் இறங்கிய ஊசிகளே அதில் இருந்தன. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டு, “உங்க ஊசிதானே டீச்சர், வேற யாருக்கும் போடறதில்லை” என்றார். இந்த ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்காகக் கிருமி நீக்கி அடைக்கப்பட்டு வருபவை. ஸ்பிரிட் துடைப்பு கிருமிநீக்கம் ஆகாது, அதே ஆளுக்கே குத்தினாலும் ஆகாது. தோலின் மேலிருந்த கிருமி, உறைக்குள் நாலு நாள் இருந்துவிட்டு, அடுத்த முறை தசையின் ஆழத்துக்கே போய்ச் சேரும். இழுப்பறையில் அதேபோல் இருபது முப்பது உறைகள் அடுக்கியிருந்தன. ஒன்று மாறினால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

மூன்றாவது சிட்டிங்கில்தான் விபரீதம் நடந்தது. முன் இரண்டு தடவையும் குப்புறப் படுக்க வைத்தவர், அன்று கூட்டம் அதிகம் என்று ஸ்டூலில் உட்கார வைத்தே செய்தார். இடது கையில் கைபேசி. யாரிடமோ ஏசி பழுதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தசையைப் பிடித்துத் தூக்காமல், தோளின் மேலிருந்து நேர் கீழாக ஊசியை இறக்கினார். தசை வெட்டி இழுக்கவில்லை. மாறாக, மார்புக்கூட்டின் உள்ளே சுருக்கென்று ஒரு குத்து. நான் இருமினேன். அவர் ஊசியை எடுத்துவிட்டு அடுத்த இடத்தைத் தேடத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறும்போது மூச்சு வாங்கியது. இரவு எட்டு மணிக்கு, ஆழ்ந்து மூச்சிழுத்தால் வலது மார்பில் கத்தி நின்றதுபோல் இருந்தது. கைபேசியில் அழைத்துச் சொன்னேன். “இது நார்மல் டீச்சர், ஊசி வேலை செய்யுது. சூடா ஒத்தடம் குடுத்துட்டுத் தூங்குங்க” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். ட்ரை நீட்லிங் செய்த இடத்தில் ஓரிரு நாள் தசைவலி இருப்பதும், சிறிதாக இரத்தம் கட்டுவதும் உண்மையிலேயே இயல்புதான். ஆனால் கழுத்து, தோள், முதுகின் மேற்பகுதி, மார்பு ஆகிய இடங்களில் ஊசி போட்ட பிறகு மூச்சுத் திணறலோ, மூச்சோடு சேர்ந்த மார்புவலியோ, வறட்டு இருமலோ வந்தால் அது தசைவலியே அல்ல. சில சமயம் அது உடனே தெரியாமல், பல மணி நேரம் கழித்தே தலைகாட்டும்.

இரவு பத்தரைக்கு என் தம்பி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். எக்ஸ்-ரே எடுத்த பணி மருத்துவர், படத்தை வெளிச்சத்தில் பிடித்து வலப்பக்க மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டைக் காட்டினார். கோட்டுக்கு உள்ளே இருப்பது நுரையீரல், வெளியே இருக்கும் கருமை காற்று. அங்கே காற்று இருக்கவே கூடாது. நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலுக்கு வெளியே மார்புக்கூட்டுக்குள் காற்று புகுந்த நிலை, என்று எழுதினார். நல்லவேளையாகச் சிறிய அளவு என்பதால் குழாய் செருகாமல், ஆக்சிஜன் வைத்து இரண்டு நாள் கண்காணித்து, மறு எக்ஸ்-ரே பார்த்து அனுப்பினார்கள்.

அந்த மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கும் மேலே ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் எழும்பி நிற்கிறது. நாம் தோள் என்று தட்டிக்கொள்ளும் இடத்துக்கு வெகு அருகில் மூச்சுப்பை இருக்கிறது. முறையாகக் கற்றவர்கள் நோயாளியைப் படுக்க வைத்து, டிரபீசியஸ் தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் கிள்ளித் தூக்கி, மார்புக்கூட்டிலிருந்து விலக்கிப் பிடித்த அந்த மடிப்புக்குள் மட்டுமே ஊசியைச் செலுத்துவார்கள். ஊசியைப் பிடிக்கும் கையைவிடத் தசையைப் பிடிக்கும் கைக்கு வேலை அதிகம். என் விஷயத்தில் அந்தக் கையில் கைபேசி இருந்தது.

இதைப் படித்துவிட்டு ட்ரை நீட்லிங்கே மோசடி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். தசை முடிச்சு வலிக்குக் குறுகிய காலத்துக்கு அது ஓரளவு நிவாரணம் தருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன; நாள்பட்ட இடுப்புவலிக்கு அக்குபஞ்சரையும் ட்ரை நீட்லிங்கையும் சேர்த்து ஆராய்ந்த 2005-ஆம் ஆண்டுக் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வும், மற்றச் சிகிச்சைகளோடு துணையாகச் சேர்த்தால் பயன்படலாம் என்றே சொன்னது. துணையாக என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று சிட்டிங்கிலும் எனக்கு ஓர் உடற்பயிற்சிகூடச் சொல்லித்தரப்படவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் யாரும் கேட்கவில்லை. வலி பிறகு தீர்ந்தது, வேறொரு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பயிற்சியாலும், விடைத்தாளை மடியில் வைக்காமல் சாய்மேசையில் வைத்துத் திருத்தியதாலும்.

மீதி ஏழு சிட்டிங்குக்கான பணத்தைக் கேட்டபோது, பேக்கேஜ் தொகை திருப்பித் தரப்படாது என்றார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தேன். அதில் ட்ரை நீட்லிங் என்றும் இல்லை, அக்குபஞ்சர் என்றும் இல்லை. ‘தெரபி கட்டணம்’ என்று மட்டும் இருந்தது, கையொப்பத்துக்குக் கீழே பெயரோ பதிவு எண்ணோ கிடையாது. செய்தது என்ன, செய்தவர் யார் என்பதை ரசீதில் எழுதி வாங்காமல் பணம் கொடுத்தது என் தவறு. மருத்துவமனைக் குறிப்பும், அன்றிரவு அழைத்ததற்கான கைபேசிப் பதிவும் இருந்ததால், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் ஒரு புகாரும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஒரு மனுவும் கொடுத்திருக்கிறேன். ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

விசாரணைக்கு ஒருமுறை ஆள் வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். போன வாரம் அந்த வழியாகப் பேருந்தில் சென்றபோது எட்டிப் பார்த்தேன். மையம் திறந்துதான் இருக்கிறது. பிளெக்ஸில் ட்ரை நீட்லிங் என்ற வரியின்மேல் மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் வரியில் அக்குபஞ்சர் அப்படியே இருக்கிறது.