ஒரு ஜமுக்காளம், 14,713 துண்டுகள்: பெரிய படத்தை இணையத்தில் காட்ட எந்த வழி?

பவானியிலிருந்து ஒரு பெரியவர், தன் அப்பா குழித்தறியில் கடைசியாக நெய்த ஜமுக்காளத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஈரோட்டில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்தார். ஆறடிக்கு ஒன்பதடி. "பேரன் பேத்தியெல்லாம் வெளியூர்லீங். போன்லயே பாக்கோணும் தம்பி. விரிச்சா நூலு நூலாத் தெரியோணும்" என்றார்.

சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கணக்குப் போட்டேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் அகலம் 21,600 பிக்சல், நீளம் 32,400. மொத்தம் 70 கோடி. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் 2022இல் வெளியிட்ட ரெம்பிராண்ட்டின் 'நைட் வாட்ச்' ஓவியப் படம் 717 கிகாபிக்சல். நம்முடையது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் எட்டு ஜிபி ரேம் உள்ள கணினிக்கு இதுவே போதும் போதும் என்றாகிவிடும்.

தரையில் விரித்து, கேமராவை மேலே தொங்கவிட்டு, 60 படம் எடுத்து, படங்களை இணைக்கும் ஹியூஜின் மென்பொருளில் ஒட்டினேன். கோடு கோடாக ஒரே மாதிரி ஓடும் துணி என்பதால் எந்தப் படம் எங்கே சேரும் என்று மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை வாங்கி, அங்கங்கே அடையாளத்துக்கு ஒட்டித்தான் காரியம் நடந்தது. பொட்டெல்லாம் பிறகு ஃபோட்டோஷாப்பில் அழித்துவிட்டேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை ஒரே ஜேபெக் ஃபைலாகவே இணையத்தில் போட்டால் என்ன? போடலாம். ஜேபெக்கில் ஒரு பக்கம் 65,535 பிக்சல் வரை போகும். (வெப்பி என்றால் 16,383-இலேயே நின்றுவிடும்.) ஆனால் பார்ப்பவர் போன் அதை மொத்தமாக விரித்தால் ரேமில் குறைந்தது 2.1 ஜிபி கேட்கும். போன் படத்தை மூடாது, பிரவுசரையே மூடிவிடும்.

அதனால்தான் பிரமிடு. முழுப் படத்துக்கு மேல் அதில் பாதி அகலம், பாதி உயரத்தில் ஒரு படம், அதற்கு மேல் இன்னும் பாதி என்று அடுக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு அடுக்கையும் சின்னச் சின்ன டைல்களாக வெட்டி வைப்பது. பார்ப்பவர் எந்த அளவில் எந்த இடத்தைப் பார்க்கிறாரோ அந்த டைல் மட்டும் போனுக்குப் போகும். கால், கால்-கால் என்று கூட்டினால் மேலடுக்குகள் எல்லாம் சேர்ந்தும் அசல் படத்தில் மூன்றில் ஒரு பங்கு பிக்சல்தான் கூடும். இதில் எல்லா முறைகளும் ஒன்றுதான். வெட்டிய டைலை எங்கே, எந்தப் பெயரில் வைப்பது என்பதில்தான் பங்காளிச் சண்டை.

முதல் முறையான டீப் ஜூம் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. 2008இல், பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் அவர்களுடைய சில்வர்லைட் மென்பொருளோடு பரவியது. சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021இல் முடிந்தது, ஆனால் டீப் ஜூம் நன்றாகவே இருக்கிறது. காரணம் அதன் எளிமை: அளவுகளைச் சொல்லும் சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல் ஒன்று, அடுக்குக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே வரிசை எண்ணில் ஜேபெக்குகள். ஓப்பன்சீட்ராகன் என்ற இலவச ஜாவாஸ்கிரிப்ட் பார்வைக்கருவி அதை அப்படியே திறக்கும். சர்வரில் எந்த நிரலும் ஓட வேண்டாம், ஃபைலைத் தரத் தெரிந்தால் போதும்.

வெட்டுவதற்கு நான் பயன்படுத்துவது லிப்விப்ஸ். லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களைப் பதிவு செய்யும் வாசாரி திட்டத்தில் வேர்விட்ட நிரல்தொகுப்பு அது. படத்தை மொத்தமாக ரேமில் ஏற்றாமல் பட்டை பட்டையாக வாங்கி வெட்டித் தள்ளுவதால் என் பழைய கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடியது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் டைல் அளவு 254 பிக்சல், சுற்றிலும் ஒரு பிக்சல் மேற்படிவு, அதாவது பக்கத்து டைலோடு பகிர்ந்துகொள்ளும் ஓரம். மேற்படிவு இல்லாவிட்டால் பெரிதாக்கும்போது டைலுக்கும் டைலுக்கும் நடுவே மெல்லிய கோடு தெரியும். ஜமுக்காளத்தில் கூடுதலாக ஒரு கோடு வந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள், நெய்தவர் மகனுக்குத் தெரியும்.

அந்த அளவில் வெட்டியபோது வந்தவை 16 அடுக்குகள், 14,713 ஃபைல்கள். தொல்லை அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

முதலில் 64 ஜிபி பென்டிரைவில் நகலெடுத்தேன். எக்ஸ்ஃபேட் என்ற சேமிப்பு முறையில் விண்டோஸ் அந்த அளவு டிரைவில் ஒரு ஃபைலுக்கு வழக்கமாக ஒதுக்கும் குறைந்தபட்ச இடம் 128 கேபி. இருபது முப்பது கேபி டைல் ஒவ்வொன்றும் 128 கேபியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்ததில், நானூறு எம்பி கூட இல்லாத படம் டிரைவில் கிட்டத்தட்ட இரண்டு ஜிபி பிடித்தது. அடுத்தது எஃப்டிபி வழியாகச் சர்வருக்கு ஏற்றுவது. ஒவ்வொரு குட்டி ஃபைலுக்கும் தனியாக ஓர் இணைப்பு திறந்து மூட வேண்டும் என்பதால், சாயங்காலம் ஆரம்பித்தது விடிந்தும் முடியவில்லை. முடியும் தறுவாயில் ஹோஸ்டிங் நிறுவனம், கணக்கில் வைக்கக்கூடிய ஃபைல் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்று நிறுத்தியது. இடம் காலியாகத்தான் இருந்தது, எண்ணிக்கைதான் முடிந்திருந்தது. விலைப்பட்டியலில் ஜிபி கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த எண்ணிக்கையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டைல் அளவை 510 ஆக்கினேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் சேர்ந்து 512. ஃபைல் எண்ணிக்கை ஏறக்குறைய 3,700-க்கு இறங்கியது. ஜிப்பாக ஒரே மூச்சில் ஏற்றி, அங்கே போய் விரித்தேன். டீ குடித்து வருவதற்குள் முடிந்தது. போனிலும் இதுவே வேகம்: 1080-க்கு 2400 திரையை நிரப்ப 254 டைல் என்றால் ஐம்பது அறுபது வேண்டும், 510 என்றால் பதினைந்து பதினெட்டு போதும். 254 ஏன் இன்னும் இயல்பு அளவாக இருக்கிறது என்று கேட்டால், பழைய வழக்கம் என்பதைத் தவிர எனக்குக் காரணம் தோன்றவில்லை.

இன்னொரு டைல் முறையான ஜூமிஃபை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோட்டோஷாப்பிலேயே ஏற்றுமதி வசதி இருந்ததால் ஒரு காலத்தில் எல்லாரும் அதில்தான் வெட்டினார்கள். 256 டைலுக்கு ஒரு ஃபோல்டர் என்று கட்டும். நம் ஜமுக்காளத்துக்கு 57 ஃபோல்டர் வரும். ஃப்ளாஷோடு வளர்ந்து, ஃப்ளாஷ் 2020 முடிவில் போனபிறகும் இருக்கிறது. பழைய தொகுப்பு கையில் இருந்தால் ஓப்பன்சீட்ராகன் அதையும் திறக்கும், மறுபடி வெட்ட வேண்டாம். புதிதாக அதில் இறங்க வேண்டியதில்லை.

டீப் ஜூமுக்கு உண்மையான போட்டி ஒற்றை ஃபைல் முறைதான். பிரமிடு டிஃப் என்றால் எல்லா அடுக்கும் எல்லா டைலும் ஒரே டிஃப் ஃபைலுக்குள். அதன் தம்பி சிஓஜி, செயற்கைக்கோள் படக்காரர்கள் வளர்த்தது; உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஃபைலின் தலையிலேயே இருக்கும். பிரவுசர் "இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு" என்று சர்வரிடம் துண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நகலெடுக்க, பெயர் மாற்ற, அழிக்க ஒரே ஃபைல். பென்டிரைவ் கதை, எஃப்டிபி கதை எதுவும் இல்லை. இது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிஃப்பை எந்த பிரவுசரும் தானாகத் திறந்து வாசிக்கும் என்று நம்ப முடியாது. அதற்கென்று தனி ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு இறங்கி, போனில் ஓட வேண்டும். விலை குறைந்த போனில் அந்தத் தயக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. ஐஐபி இமேஜ், கேண்டலூப் மாதிரி படச் சர்வர் வைத்தால் அந்தச் சுமை நம் பக்கம் வரும், அதோடு மாத வாடகையும் வரும். ஒரு ஜமுக்காளத்துக்கு அது தாங்காது.

சேமித்து வைக்க மட்டும் டிஃப்தான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. சாதாரண டிஃப் நான்கு ஜிபிக்கு மேல் வளராது. நம் படம் 16 பிட் நிறத்தில், சுருக்காமல் வைத்தால் 4.2 ஜிபி; நான்கு ஜிபி என்று சொல்லப்படும் எல்லை துல்லியமாக 4.29 என்பதால் மயிரிழையில் உள்ளே நுழைந்துவிடுகிறது. பிரமிடு சேர்த்தால் 5.6 ஆகி, வெகுநேரம் ஓடிவிட்டுக் கடைசியில் பிழை என்று கைவிரிக்கும். ஆரம்பத்திலேயே, அந்த எல்லை இல்லாத பிக்டிஃப் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ட்ரிபிள்-ஐ எஃப் வேறு ரகம். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் சேர்ந்து உண்டாக்கிய ஒப்பந்தம் அது. படத்தின் எந்தப் பகுதி, எந்த அளவு, எவ்வளவு திருப்பம், எந்தத் தரம் என்பது எல்லாம் முகவரியிலேயே இருக்கும். ஒரு நூலகத்தின் ஓலைச்சுவடியையும் இன்னொரு ஊர் நூலகத்தின் சுவடியையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் இதை விட்டால் வழியில்லை. சர்வர் இல்லாமல் டைல்களை முன்கூட்டியே வெட்டி வைக்கவும் இதில் இடம் உண்டு, லிப்விப்ஸே வெட்டித்தரும். ஒன்றே ஒன்று: அதன் தகவல் ஃபைலுக்குள் தளத்தின் முழு முகவரியும் எழுதப்பட்டிருக்கும். அதைச் சொல்லாமல் வெட்டினேன். எக்ஸாம்பிள் டாட் காம் என்ற மாதிரி முகவரியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. படம் வராமல் அரை நாள் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்கு டொமைன் மாறினாலும் இதே வேலைதான். நூலகம் எதுவும் கேட்காதவரை எனக்கு இது தேவைப்படவில்லை.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒருவர் தாத்தா காலத்துக் கிராம வரைபடத்தைக் கொண்டுவந்து, இன்றைய வரைபடத்தின் மேல் ஒட்டிக் காட்டச் சொன்னார். இடத்தோடு பொருத்த வேண்டிய படம் என்றால் மட்டும் டீப் ஜூமை மறந்துவிட்டு, வரைபடங்களுக்கான இலவச மென்பொருளான ஜீடாலுக்குப் போய்விடுங்கள், கூகுள் வரைபட முறையில் வெட்டித்தரும். அதன் ஜீடால்2டைல்ஸ் கருவி, கேட்காவிட்டால் வரிசையைக் கீழிருந்து மேலாக எண்ணும். பெரும்பாலான பார்வைக்கருவிகள் மேலிருந்து கீழாக எண்ணும். முதல் தடவை அவர் தோட்டமும் கிணறும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை, கிராமமே நிலநடுக்கோட்டைத் தாண்டி இந்தியப் பெருங்கடலில் போய் நின்றது.

இத்தனை முறைகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்ததில் முக்கியமான ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். சிஓஜி வடிவத்தைச் சோதிக்க ஜீடாலின் பழைய கருவியில் மேலடுக்குகளைச் செய்து பெரியவரிடம் காட்டினேன். முழுசாகப் பார்த்தால் அழகு, அடிவரை போய்ப் பார்த்தாலும் அழகு. நடுவில் ஓர் அளவில் துணி முழுக்க அலை அலையாக ஏதோ நெளிந்தது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இந்த அலை எங்கிருந்துங் வந்துச்சு? எங்கப்பா நேராத்தான ஓட்டியிருக்காரு" என்றார்.

நேராகத்தான் ஓட்டியிருக்கிறார். அந்தத் துணியில் குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அதாவது 12 பிக்சல். பாதியாக்கினால் 6, இன்னும் பாதியாக்கினால் 3, அதற்கடுத்த அடுக்கில் ஒன்றரை. ஒரு நூலையும் அடுத்த நூலின் எல்லையையும் பிரித்துக்காட்ட இரண்டு பிக்சலாவது வேண்டும். ஒன்றரையில் அது முடியாமல் போய், இல்லாத கோலம் ஒன்று உருவாகிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கருவி, கிட்டத்தில் இருக்கும் ஒரு பிக்சலைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை வீசிவிடும். லிப்விப்ஸ் நான்கு பிக்சலின் சராசரியை எடுக்கும். அதில் வெட்டியபோது அலை முழுக்கப் போகவில்லை, பாதிக்கு மேல் அடங்கியது. பெரியவர் ஒத்துக்கொண்டார். பட்டுச்சேலை, பாய், கோடுபோட்ட துணி எதை வெட்டினாலும் முதலில் இந்த நடு அடுக்கைத் திறந்து பாருங்கள். டீப் ஜூமா டிஃப்பா என்பதெல்லாம் அப்புறம்.

சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் சேரும் இடத்தில் நிறம் கசிவதாகவும் சொன்னார். ஜேபெக் இடம் மிச்சம் பிடிக்க நிற விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைப்பதால் வருவது. லிப்விப்ஸில் தரத்தை 90-க்கு ஏற்றினால் அந்தக் குறைப்பைத் தானாகவே நிறுத்திவிடும். ஃபைல் கொஞ்சம் பெருத்தது, கோடு கத்தரித்த மாதிரி நின்றது.

விசைத்தறிக்காரர்கள் படத்தை எடுத்து டிசைனைக் காப்பியடிப்பார்களோ என்ற பயம் அவருக்கு. டைலாக வெட்டிவிட்டால் யாரும் எடுக்க முடியாது என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அது பொய். டைல்களைத் திரும்ப ஒட்டித்தர டீஜூமிஃபை மாதிரி கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கொடுக்க மனமில்லை என்றால் படத்தைப் பாதியாகச் சுருக்கி வெட்டுவது ஒன்றே வழி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முழுசாவே போடுங் தம்பி" என்றார்.

முடிவில் நான் வைத்துக்கொண்டது: வீட்டு டிஸ்க்கில் பிக்டிஃப், இணையத்தில் 510 டைல் டீப் ஜூம், ஏற்றுவதற்கு ஜிப்.

பத்து நாள் கழித்துப் பெங்களூரிலிருந்து பேத்தி கூப்பிட்டார். "அண்ணா, வலது ஓரத்துல மெரூன் கோட்டுல ஒரு பொட்டு இருக்குதுங்." இருந்தது. அழித்து, மறுபடி வெட்டி, அதே ஃபோல்டரில் ஏற்றினேன். மறுநாள் மறுபடி போன்: தள்ளி நின்று பார்த்தால் பொட்டு இல்லையாம், கிட்டப் போனால் வருகிறதாம், இன்னும் கிட்டப் போனால் மறைகிறதாம். முன்பு அவர் பார்த்த அடுக்குகளின் டைல் போனிலேயே தங்கிவிட்டது, பார்க்காத அடுக்குகள் மட்டும் புதிதாக வந்திருக்கின்றன. ஃபோல்டர் பெயரின் கடைசியில் தேதியைச் சேர்த்து, பக்கத்தில் முகவரியை மாற்றினேன். இப்போது எந்த அடுக்கிலும் பொட்டு இல்லை.