லீவு நாள்ல செல்லாத ஹாலிடே மெம்பர்ஷிப்: ஒரு கூப்பன் எழுதிப் போட்டு 68,000 ரூபாய் விட்ட கதை

மால்லயோ பெட்ரோல் பங்க்லயோ ஜவுளிக்கடை வாசல்லயோ யாராச்சும் சிரிச்சிக்கிட்டே வந்து "மேம், ஒரே நிமிஷம், லக்கி டிரா, ஃப்ரீ தான்"னு கூப்பனும் பேனாவும் நீட்டினா நிக்காம நடையைக் கட்டிருங்க. நான் நின்னேன். அதான் இப்போ இவ்ளோ நீளமா டைப் பண்ணிட்டு உக்காந்திருக்கேன்.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், பையர் ஆர்டரை முடிச்சு அனுப்பற வரைக்கும் பாத்துக்கிற வேலை. இந்த லைன்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், ஷிப்மென்ட் டேட் நெருங்கிட்டா வீடு எங்க இருக்குன்னே மறந்துரும். வீட்டுக்காரருக்கு டையிங் யூனிட்ல ஷிஃப்ட். பெரியவன் ஏழாவது, சின்னவ மூணாவது, அவங்களைப் பாத்துக்கிறது எங்க அத்தைதான். மாசம் சம்பளம் வந்ததும் வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு பேரும் கோயமுத்தூர் போயிருவோம். புள்ளைங்க மால்ல குதிச்சு விளையாடுவாங்க, அவர் அவங்களைப் பாத்துப்பார், நான் ஒரு மூலைல உக்காந்து ஒரு காபியும் ஒரு பிளம் கேக்கும் வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் யார் கூடவும் பேசாம இருப்பேன். எனக்குன்னு நான் பண்ணிக்கிற ஒரே செலவு அதான். போன வருஷம் பிப்ரவரில அந்த காபியைக் குடிச்சிட்டு இருக்கும்போதுதான் அந்தப் பொண்ணு கூப்பனோட வந்துச்சு. பாவம் வெயில்ல நிக்குதேன்னு, அதுவும் மாலுக்குள்ள ஏசில என்ன வெயிலோ, எழுதிக் குடுத்துட்டேன். பேரு, போன் நம்பர், கல்யாணமாகிருச்சா, ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்களா, கிரெடிட் கார்டு இருக்கா. கடைசி கேள்விலயாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

மூணாம் நாள் போன் வந்துச்சு. "கங்கிராட்ஸ் மேம், உங்களுக்கு 3 நாள் 2 நைட் ஸ்டே ஃப்ரீ, கூட ஒரு சர்ப்ரைஸ் கிஃப்ட். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கங்க, ஆனா ஹஸ்பெண்ட் கண்டிப்பா கூட வரணும்." ஏன் அவரும் வரணும்னு கேட்டதுக்கு, கப்புளுக்குத்தான் கிஃப்டுன்னு சொன்னாங்க. காரணம் அது இல்லைங்க. ஒருத்தர் மட்டும் போனா "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்"னு எந்திரிச்சு வந்துரலாம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுட்டா அந்த வழி அடைஞ்சு போச்சு.

அவிநாசி ரோட்டுல ஒரு பெரிய ஹோட்டல் ஹால். உள்ள பாட்டு காதைப் பொளக்குது, ஒரு இருபது டேபிள், ஒவ்வொரு டேபிள்லயும் நம்மளை மாதிரியே புருஷன் பொண்டாட்டி. மூலைல புள்ளைங்களுக்கு பலூனும் கலர் பென்சிலும் குடுத்து ஒரு பொண்ணு பாத்துக்குது. அரை மணி நேரம்தான்னு சொன்னது மூணு மணி நேரம் ஆச்சு. எங்க டேபிளுக்கு வந்த தம்பிக்கு ஒரு இருபத்தஞ்சு வயசு இருக்கும், ரொம்ப மரியாதை. மொதல்ல பிசினஸே பேசலை. எந்த ஊரு, என்ன வேலை, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்கன்னு கேட்டுட்டே வந்தான். அப்புறம் பேனாவைக் கீழ வெச்சுட்டு, "கடைசியா புள்ளைங்களைக் கூட்டிட்டு ரெண்டு நாள் எங்கயாச்சும் போய் தங்குனது எப்போங்க மேம்?"னு கேட்டான். நான் யோசிச்சேன். யோசிச்சுப் பாத்தா சின்னவ பொறந்ததுக்கு அப்புறம் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போனதைத் தவிர ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலை. "பையன் இன்னும் மூணு வருஷத்துல பத்தாவது மேம், அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் ஹாஸ்டல், நீங்க கூப்பிட்டாலும் வர மாட்டான்." எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்லலை. அங்கேயே அவன் ஜெயிச்சுட்டான், மத்ததெல்லாம் சும்மா பேப்பர் வேலை.

ஒரு வெள்ளைத் தாளை எங்க பக்கம் திருப்பி வெச்சு, எங்களுக்கு நேராத் தெரியற மாதிரி அவன் தலைகீழா எழுதறான், அதுவும் அச்சடிச்ச மாதிரி. வருஷம் ஒரு டூர் 25,000, பத்து வருஷத்துக்கு ரெண்டரை லட்சம், விலைவாசி ஏறுனா நாலு லட்சம், ஒரே தடவை கட்டினா வருஷா வருஷம் அவங்க ஹோட்டல்ல தங்கிக்கலாம்ங்கிற நம்ம மெம்பர்ஷிப் வெறும் 1,40,000. நடு நடுவுல மைக்ல யாரோ ஒரு தம்பதி பேரைச் சொல்லி "வெல்கம் டு த ஃபேமிலி"ன்னு கத்துவாங்க, மணி அடிப்பாங்க, ஹாலே கை தட்டும். எங்க வீட்டுக்காரர் "யோசிச்சுச் சொல்றோம் தம்பி"ன்னதும் கோட்டு போட்ட மேனேஜர் வந்தார். 1,40,000 நின்ன எடத்துல 95,000 ஆச்சு. அப்பவும் இவர் எந்திரிக்கப் பாத்தார், 68,000 ஆச்சு, இன்னைக்கு மட்டும், இந்த ஹாலை விட்டு வெளிய போனா இந்த ரேட் கிடையாதாம். புடவைக்கடைல கூட இவ்ளோ வேகமா குறைக்க மாட்டாங்க. இவர் டேபிளுக்கு அடியில என் காலை மிதிக்கிறார், நான்தான் "விடுங்க, புள்ளைங்களுக்காகத்தானே"ன்னு கார்டை எடுத்துக் குடுத்தேன். 18,000 அங்கேயே ஸ்வைப், மிச்சம் 50,000 பத்து மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணைன்னாங்க. ஸ்டேட்மென்ட் வந்தப்ப பாத்தா வட்டியும் இருக்கு, வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் இருக்கு.

இதுல என் மானம் போற விஷயம் ஒண்ணு இருக்கு. பையர் அனுப்புற ஆர்டர் ஷீட்ல தையல் நூல் கலர் ஒரு ஷேட் மாறியிருந்தாக்கூட கண்டுபிடிச்சு மெயில் போடறவ நான். அன்னைக்கு 11 பக்க அக்ரிமென்ட்ல ஒரு பக்கம்கூடப் படிக்காம பெருக்கல் குறி போட்ட எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்கும் மணி அடிச்சாங்க. சர்ப்ரைஸ் கிஃப்ட் ஒரு எலக்ட்ரிக் கெட்டில்.

வெல்கம் கிட் 17 நாள் கழிச்சு கூரியர்ல வந்துச்சு. அன்னைக்கு நைட்தான் உக்காந்து படிச்சேன். 10 நாளுக்குள்ள கேன்சல் பண்ணினா பணம் திரும்பக் கிடைக்கும்னு நாலாவது பக்கத்துல இருக்கு. பத்து நாள் கணக்கு கையெழுத்துப் போட்ட தேதிலருந்து! ஒன்பதாவது பக்கத்துல வருஷா வருஷம் 6,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம், ரூமைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாட்டியும் கட்டியே ஆகணும், கட்டலைன்னா புக்கிங் கிடையாது. அந்த ஃப்ரீ 3 நாள் 2 நைட்டுக்குத் தனியா வவுச்சர், அதுக்கும் ப்ராசஸிங் ஃபீஸ். அந்தத் தம்பிக்குப் போன் பண்ணினேன், அவன் வேலையை விட்டுட்டானாம்.

சரி, பணம் போனது போச்சு, டூராச்சும் போவோம்னு மே மாசத்துக்கு ஊட்டி கேட்டேன். "மேம், மே மாசம் பிளாக்அவுட் டேட்ஸ்." அப்படின்னா அந்த நாள்ல மெம்பருக்கு ரூம் கிடையாது. அப்புறம் கேக்காமலே, "வீக்கெண்ட்ல இ-பாஸும் கிடைக்காது மேம், கோர்ட் ஆர்டர்"னு எனக்கே பாடம். கோர்ட் ஆர்டர் இருக்கிறது நெசம்தான், 2024 மே மாசத்துலருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டில போக ஆன்லைன்ல இ-பாஸ் எடுக்கிறது கட்டாயம், 2025 சீசன்ல ஊட்டிக்கு வாரநாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு அளவும் வெச்சாங்க. ஆனா ரூமைக் குடுக்காததுக்கும் இ-பாஸுக்கும் என்னங்க சம்பந்தம்? காலாண்டு லீவுக்குக் கேட்டேன், பூஜா ஹாலிடேஸ், பிளாக்அவுட். அரையாண்டு லீவு? கிறிஸ்துமஸ், நியூ இயர், பிளாக்அவுட். பொங்கல், லாங் வீக்கெண்ட், பிளாக்அவுட். மெம்பர்ஷிப் அட்டையை எடுத்து ஸ்கூல் காலண்டர் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். புள்ளைங்களுக்கு எந்தெந்த நாள் லீவோ அந்த நாள் பூரா அவங்களுக்கு பிளாக்அவுட். புள்ளைங்க பேரைச் சொல்லி அழ வெச்சு வித்தது, புள்ளைங்க ஸ்கூல்ல இருக்கிற நாளுக்கு மட்டும் செல்லுற ஒரு அட்டையை.

கடைசில ஜூலைல ஒரு திங்கள் செவ்வாய், கொடைக்கானல், "அசோசியேட் ப்ராப்பர்ட்டி", அதாவது அவங்க ஏற்பாடு வெச்சிருக்கிற வேற ஆளோட லாட்ஜ், கன்ஃபர்ம்னு மெசேஜ் வந்துச்சு. ஒரு நைட்டுக்கு 1,500 யுட்டிலிட்டி சார்ஜ், முன்னாடியே கட்டணும். வயித்தெரிச்சலோட கட்டினேன். ஸ்கூலுக்கு "காய்ச்சல் காரணமாக"ன்னு லீவ் லெட்டர் எழுதினேன், சின்னவ அதுக்கு முன்னாடியே மிஸ்கிட்ட "நாங்க கொடைக்கானல் போறோம்"னு பெருமையாச் சொல்லி வெச்சிருக்கா. ஆபீஸ்ல ஒரு ஷிப்மென்ட் ஓடிட்டு இருக்கு, பாஸ் மூஞ்சியைப் பாக்க முடியலை. தாராபுரம், பழனி வழியா மலை ஏறி, தூறல்ல பெருமாள்மலை வந்தா அங்கேயே "யூ ஹேவ் அரைவ்ட்"ங்குது மேப். போட்டோல ஏரியைப் பாத்த மாதிரி பால்கனி. ஏரி அங்கருந்து ஒரு பன்னெண்டு கிலோமீட்டர் மேல இருக்கு. பால்கனியைத் தெறந்தா பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க்.

ரூம்ல ஈர வாடை. கம்பளியைப் பிரிச்சா சில்லுன்னு கைல ஒட்டுது, புழிஞ்சா தண்ணி வந்துருமோன்னு தோணுச்சு. கீசர் வேலை செய்யலை, சுடுதண்ணி பக்கெட்டு 50 ரூபாய். நைட் எட்டு மணிக்கு அங்க ரூமைப் பாத்துக்கிற அண்ணன் ரெண்டு பக்கெட்டு தூக்கிட்டு வந்து வெச்சார். எங்களைப் பாத்தா அவருக்கே பாவமா இருந்துச்சு போல, மெதுவா "அக்கா, நீங்களும் அந்த மெம்பரா?"ன்னார். ஆமாங்கண்ணா. "எவ்ளோ கட்டுனீங்க?" நைட்டுக்கு 1,500ன்னேன், 68,000ஐச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவர் தலையைச் சொறிஞ்சிட்டு, "இந்த சீசன்ல சும்மா வந்து கேட்டாலே 1,200க்குக் குடுத்துருவோம்க்கா. அடுத்த தடவை நேரா எனக்கே போன் போடுங்க"ன்னாரு. எங்க வீட்டுக்காரர் ஒண்ணுமே சொல்லலை. திரும்பிப் படுத்துக்கிட்டார். அவர் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு எனக்கு.

மறுநாள் காலைல மழை விட்டுச்சு, ஏரியில பெடல் போட்ல போனோம், சூடா மக்காச்சோளம் வாங்கித் தின்னோம், பெரியவன் சைக்கிள் எடுத்து ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வந்தான். அது நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு மெம்பர்ஷிப் வேண்டியதில்லை, அவ்ளோதான்.

ஊருக்கு வந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டேன். நீங்களே கார்டைக் குடுத்து பின் போட்டு, அக்ரிமென்ட்லயும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் 1915க்குப் போன் பண்ணினேன், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசினாங்க, கம்ப்ளெயின்ட் நம்பர் குடுத்தாங்க. கம்பெனி பதில் ஒத்த வரி: "அக்ரிமென்ட் படி ரீஃபண்ட் இல்லை." எங்க ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குற அண்ணன்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல ஏமாத்தி வித்ததுக்கும் சேவைக் குறைபாட்டுக்கும் கேஸ் போடலாம், நீ கையெழுத்துப் போட்டதாலயே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு இல்லைம்மான்னு சொன்னார். கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுரணும். தை மாசம் இ-ஜாக்ரிதில, அதாவது நுகர்வோர் கேஸ் போடற அரசு வெப்சைட்ல, ஆன்லைனா ஃபைல் பண்ணிட்டேன். பதினொரு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து ஏத்துறதுக்கே ரெண்டு நைட் ஆச்சு. கிடைக்குமா தெரியாது, ஆனா போட்டாச்சு.

இப்போ புதுசா ஒண்ணு கெளம்பியிருக்கு, அதையும் கேட்டுக்கங்க. ரெண்டு வாரம் முன்னாடி ஒருத்தன் போன் பண்ணி என் மெம்பர்ஷிப் நம்பரைக் கரெக்டா சொல்லி, "மேம், இதை 90,000க்கு வாங்க ஆள் ரெடி, டிரான்ஸ்பர் சார்ஜ் மட்டும் 9,500 நீங்க கட்டிருங்க"ங்கறான். வாங்கறவனையே கட்டச் சொல்லுங்க, மிச்சத்தை எனக்கு அனுப்புங்கன்னேன், கட் பண்ணிட்டான். என் நம்பர் அவனுக்கு எங்கருந்து போச்சுன்னு யாராச்சும் சொன்னா தேவலை. ஏற்கெனவே ஏமாந்தவங்க லிஸ்ட்டுக்கு நல்ல விலை இருக்கும் போல.

யாராச்சும் இந்த வாரம்தான் கையெழுத்துப் போட்டிருந்தீங்கன்னா கிட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, இன்னைக்கே கேன்சல்னு மெயில் போட்டு, அதையே ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்பி ரசீதை வெச்சுக்கங்க. வாயால சொன்னது எதுவும் செல்லாது. அக்ரிமென்ட்டையே மொதல்ல வீட்டுக்குக் குடுத்து விடுங்கன்னு கேட்டுப் பாருங்க, குடுக்கவே மாட்டாங்க, அப்பவே எந்திரிச்சிரலாம். கெட்டிலுக்கு ஆசைப்பட வேணாம், எங்களுது நாலாவது மாசமே அடிப்பக்கம் ஒழுக ஆரம்பிச்சிருச்சு.

போன ஞாயிறு அத்தையைக் கூட்டிட்டு ஜவுளிக்கடை போயிருந்தோம். நான் பில் போட்டுட்டு வெளிய வர்றேன், வாசல்ல அத்தை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வெச்சுக்கிட்டு என்னமோ எழுதிட்டு இருக்காங்க. "கண்ணு, ஃப்ரீயாமா, எனக்குத்தான் நம்பர் ஞாபகம் இல்லை, உன் நம்பரைப் போட்டுட்டேன்"னாங்க.