எழுதி வைப்பதா, கூடிப் பேசுவதா?

ஆளுக்கொரு ஊரிலிருந்து வேலை செய்யும் குழுவை ஒன்றாகக் கட்டிவைப்பது எது: எல்லாவற்றையும் எழுதி வைப்பதா, அவ்வப்போது நேரில் கூடுவதா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார். சுமார் 300 ஜிபி தரவு அழிந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரப் பதிவுகள் திரும்பக் கிடைக்கவே இல்லை. பல இடங்களில் முதல் வேலையாகப் பழிபோட ஆளைத் தேடுவார்கள். இவர்களோ மீட்புப் பணிக் குறிப்பை ஊரறியத் திறந்துவைத்தார்கள்; யூடியூபில் நேரலையும் ஓடியது. பின்னர் வந்த அறிக்கையில் அந்தப் பொறியாளர் வெறும் 'குழு உறுப்பினர் 1'.

அலுவலகமே இல்லாத நிறுவனம் அது. அச்சிட்டால் 2,000 பக்கங்களைத் தாண்டும் கையேடு பொதுவெளியில் கிடக்கிறது. ஊழியர் எவரும் திருத்தம் முன்மொழியலாம். புதிதாகச் சேர்ந்தவர் வழக்கம் என்ன என்று மூத்தவர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேர்ட்பிரஸ்.காம் என்ற வலைப்பதிவுத் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனமும் பி2 என்ற உள் வலைப்பதிவில் எழுதித் தள்ளுகிற கூட்டம்தான். ஆனால் கொரோனாவுக்கு முன்பு ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் ஒரே ஊரில் ஒரு வாரம் கூட்டுவதையும் வழக்கமாக வைத்திருந்தது. செலவு கொஞ்சமல்ல.

மென்பொருள் நிறுவனமான ஜோஹோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் செய்ததுபோல் ஊர்ப்பக்கம் சிறு அலுவலகம் திறப்பது இன்னொரு வழி. ஒன்பது பேரும் ஒன்பது ஊரில் இருக்கும் எங்களுக்கு அது ஒத்துவராது. குழுவை நெருக்கமாக்க வெள்ளிக்கிழமை மாலை காணொளி அழைப்பில் நடத்தும் விளையாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடித்தவர்களில் நானும் ஒருவன்.

சந்திப்பின் அருமையை மறுக்க மாட்டேன். எங்கள் குழுவில் ஒருவர் எதற்கும் "சரி." என்று புள்ளி வைத்துப் பதில் அனுப்புவார். என்மேல் கோபம் என்றே எட்டு மாதம் நினைத்திருந்தேன். ஏற்காட்டில் நேரில் பார்த்தபோதுதான் தெரிந்தது, மனிதர் இட்லிக்குச் சட்னி கேட்பதற்கே யோசிப்பவர். அதற்குப் பிறகு அந்தப் புள்ளி உறுத்தவில்லை.

ஆனால் அதே ஏற்காட்டில் தேநீர் மேசையில் வெளியீட்டுத் தேதியை மாற்றிவிட்டோம். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்த தோழி திங்கட்கிழமை கேட்டார்: "இது எப்போது முடிவானது?" யாரிடமும் பதில் இல்லை.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசும் பொறுமையும் உண்டு என்றால் எழுத்தையே எடுப்பேன். இப்போது எங்கே கூடினாலும் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்து பேசுவதைக் குறிக்கிறார். பஜ்ஜி ஆறுகிறது என்ற முணுமுணுப்பும் சில சமயம் குறிப்பில் ஏறிவிடுகிறது.